பின் சீட்டில் படுத்துப் பார்த்தவர்

இரண்டாயிரத்து நாலு, ஐந்து வாக்கில் நடந்தது இது. அப்போது நான் விருத்தாசலம் ஜங்ஷனுக்குப் பக்கத்தில் கார் ஸ்டாண்டில் ஒரு பழைய அம்பாசிடரை வைத்து வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். வெள்ளை வண்டி, டீசல். பின் சீட்டு கட்டில் மாதிரி அகலமாக இருக்கும். கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அந்தச் சீட்டுக்காகவே என்னைத் தேடி வருவார்கள். எட்டாவது வரைக்கும் படித்தவன் நான், எழுதிப் பழக்கமில்லை. “எழுதுங்கப்பா, பசங்க படிக்கட்டும்” என்று என் மகள்தான் சொன்னாள். அதனால் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரியே சொல்லிப் பார்க்கிறேன்.

என் மனைவி பீங்கான் கம்பெனியில் வேலை பார்த்தாள். சூளையிலிருந்து வருகிற சாமானை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, லேசாகத் தட்டி, காதால் பார்ப்பதுதான் அவள் வேலை. விரிசல் இல்லாத சாமான் ‘ணங்’ என்று நீளமாகப் பேசும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால்கூட ‘டொக்’ என்று செத்துப்போகும். நல்லதை “பாசு” என்று வலது பக்கம் வைப்பாள். மற்றது இடது பக்கக் கூடைக்குப் போகும். வீட்டிலும் அதே பழக்கம்தான். டம்ளரோ பானையோ எது வாங்கி வந்தாலும் தட்டிப் பார்க்காமல் உள்ளே எடுக்க மாட்டாள். பெண் பார்க்கப் போன அன்று நான் காபி டபராவைக் கீழே வைத்த சத்தத்தைக் கேட்டுத்தான் எனக்கு ‘பாசு’ போட்டதாகச் சொல்லிச் சிரிப்பாள். அப்படிப்பட்ட பொல்லாத காது அவளுக்கு.

அவளுக்கு வயிற்றில் கட்டி வந்தது. புற்றுநோய் என்றார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து ஏற்றிக்கொண்டு வர வேண்டும். உட்கார்ந்து வர முடியாது. என் வண்டியிலேயே பின் சீட்டில் படுக்க வைத்து, வடலூர், கடலூர் வழியாகக் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வருவேன். ஸ்கூல் லீவு நாளாக இருந்தால் ஆறாவது படித்த மகளும் முன் சீட்டில் வருவாள்.

என் வண்டியில் ஒரு சத்தம் இருந்தது. ஆக்சிலேட்டரை அழுத்தினால் பின்னாலிருந்து ‘ஊஊ’ என்று கிளம்பும். வேகம் கூடக் கூட அதுவும் குரலை ஏற்றும், காலை எடுத்தால் வேறு மாதிரி அழும். டிஃபரன்ஷியல் என்று ஒன்று பின் சக்கரங்களுக்கு நடுவில் இருக்கிறது. அது எதற்கு என்று சொல்கிறேன். எங்கள் ஊர்ப் பழமலைநாதர் கோயில் பிராகாரத்தில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு சுற்றியிருக்கிறீர்களா? மூலையில் திரும்பும்போது உள்பக்கம் இருப்பவர் மெதுவாக நடந்தால் போதும், வெளிப்பக்கம் இருப்பவர் எட்டிப் போட்டு நடக்க வேண்டும். காரின் இரண்டு பின் சக்கரங்களும் அப்படித்தான். கையை விடாமல் ஆளுக்கொரு வேகத்தில் போக விடுவது அந்த டிஃபரன்ஷியல். அதற்குள் கிரவுன் என்று பெரிய பல்சக்கரமும், பினியன் என்று சின்னதும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு ஓடும். அந்தப் பற்கள் தேய்ந்துபோனதால்தான் இந்தச் சத்தம். வண்டி ஓடுவதற்கு ஒரு குறையும் இல்லை என்பதால் நான் வருஷக்கணக்கில் கண்டுகொள்ளவே இல்லை.

ஒருநாள் மகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். “அம்மா ரெண்டு காதுலயும் பஞ்சு வச்சிக்கிட்டுதாம்பா வராங்க. இறங்கறதுக்கு முன்னாடி எடுத்துடறாங்க.”

மனைவியிடம் போய்க் கேட்டேன். “ஏன் புள்ள எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா வண்டிய வித்துட்டு நிப்பீங்க. வண்டிதான நமக்குச் சோறு” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “பின்னாடி எதுவோ ஒரு சாமான் விரிசல் உட்டிருக்குதுங்க. இடது கூடைதான் அது” என்று சிரித்தாள். மருந்து ஏற்றிய பிறகு அவளுக்குப் பாத்திரம் வைக்கிற சத்தம்கூடத் தலைக்குள் இறங்கும். அந்த நிலையில் கையெட்டும் தூரத்தில் அந்த ஊளையைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்திருக்கிறாள்.

வேறு வண்டியில் போகலாமே என்று நினைப்பீர்கள். ஸ்டாண்டில் இருந்த மற்ற அம்பாசிடர்களெல்லாம் என் வண்டிக்கு அக்கா தங்கச்சிதான். ஒன்று பாடும், ஒன்று இருமும். புது மாடல் வண்டிகளில் அவளால் காலை நீட்ட முடியாது. அடுத்த மருந்துக்குப் போவதற்குள் என் வண்டியின் வாயை மூடியாக வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

ஸ்டாண்டில் விஷயம் தெரிந்ததும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். “மரத்தூள அள்ளி டிஃபரன்ஷியல் எண்ணெயில போடுப்பா, கப்புனு அடங்கிடும்” என்றார் ஒருவர். பழைய வண்டியை ஏமாற்றி விற்பவர்கள் செய்கிற வேலை அது. மெக்கானிக் அண்ணனிடம் கேட்டேன். மாதா கோயில் பக்கத்தில் பட்டறை வைத்திருந்தவர் அவர்.

“போடேன். பத்து நாளைக்கு வாய மூடிக்கிட்டு இருக்கும். அப்பறம் பல்லு மொத்தத்தையும் தின்னுட்டு நடுரோட்டுல உக்காரும். அந்தப் பொண்ண படுக்க வச்சிக்கிட்டு நீ நடுரோட்டுல நிக்கப் போறியா?” என்றார்.

பஸ் பிடித்து விழுப்புரம் போனேன். பழைய சாமான் கடையில் ஒரு கிரவுனும் பினியனும் கம்பி போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். பற்களெல்லாம் பளபளவென்று இருந்தன. சாக்கில் போட்டு மடியில் வைத்துக்கொண்டே திரும்பி வந்தேன். ஏதோ பிள்ளையைத் தூக்கி வருகிற மாதிரி எனக்குச் சந்தோஷம். மெக்கானிக் அண்ணன் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஜோடியாகச் செய்யும்போதே இரண்டிலும் ஒரே எண்ணைப் பொறித்து அனுப்புவார்களாம். இதில் பெரியதில் ஓர் எண், சின்னதில் வேறோர் எண்.

“ரெண்டும் வேற வேற வூட்டுக்காரங்க தம்பி. கம்பி போட்டுக் கட்டிட்டா குடும்பம் ஆயிடுமா? ஒண்ணோட ஒண்ணு தேஞ்சி பழகின பல்லு இது. ஜோடி மாத்துனா இப்ப பாடறதவிட ஜோரா பாடும்.”

“அப்ப புது செட்டே வாங்கிடலாங்களாண்ணே?”

“புதுசு வாங்கினாலும் அத உள்ள உக்கார வைக்கறதுலதான் இருக்குது. மயிரிழை முன்ன பின்ன ஆனாலும் சத்தம் வரும். ஓட்டறதுக்குச் சரியா பண்ணிடுவேன். ஆனா சத்தமே வராதுன்னு மாதா மேல சத்தியம் பண்ணச் சொன்னா, பண்ண மாட்டேன்.” கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “பெண்ணாடத்துல ஒரு வண்டி நிக்குது. உன் வண்டி மாடல்தான். கரும்புக்காரர் ஒருத்தர் வச்சிருந்தாரு. அந்த வண்டி பூனை நடக்கறாப்புல போகும். அதோட டிஃபரன்ஷியல உள்ள பிரிக்காம அப்படியே முழுசா எடுத்து மாட்டினா, உன் வண்டியும் பேசாது.”

“குடுப்பாங்களாண்ணே?”

“அவரு செத்துட்டாரு. அந்தம்மா வண்டிய விக்கவும் விக்காது, பிரிக்கவும் வுடாது. இரும்புக்காரன் எவன் போனாலும் தொடப்பத்த எடுத்துக்கிட்டு வரும். நீ வா, நானும் வரேன். விழறது ரெண்டு பேருக்கும் சேந்தே விழட்டும்.”

மறுநாள் என் வண்டியிலேயே போனோம். சர்க்கரை ஆலைப் பக்கம் போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி வீடு. தகரக் கொட்டகையில் ஒரு டிராக்டர், அதற்குப் பக்கத்தில் தார்ப்பாய் போட்டு மூடிய கார். அந்த அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். மோட்டார் ரூம் பக்கத்திலிருந்து நடந்து வந்தவர் எங்கள் கைகளில் இருந்த கிரீஸைப் பார்த்தார்.

“இரும்புக்கா? அப்படியே திரும்பிடுங்க.”

“நாந்தாங்கம்மா. ஐயா வண்டிக்கு எண்ணெ மாத்துவனே.”

“நீயுமா? அவரு இருந்தப்ப இந்த வூட்டுல எத்தன டீ குடிச்சிருப்ப? இப்ப பிரிச்சிம் போக வந்துட்டியா?”

மெக்கானிக் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். நான்தான் பேசினேன். எனக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. மனைவி படுத்து வருவதையும், காதில் பஞ்சு வைத்துக்கொள்வதையும், என் மகள் சொன்னதையும் சொன்னேன். அந்த அம்மா என் வண்டியைப் போய்ச் சுற்றிப் பார்த்தார். பின் கதவைத் திறந்தார். செருப்பைக் கழற்றிக் கீழே விட்டுவிட்டு உள்ளே ஏறி, அப்படியே சீட்டில் படுத்துவிட்டார். முந்தானையை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு, “எந்தப் பக்கம் தலை வைக்கும் அந்தப் பொண்ணு?” என்று கேட்டார்.

“வலது பக்கங்கம்மா.”

திரும்பிப் படுத்துக்கொண்டார். “என்னா பாத்துக்கிட்டு நிக்கற? ஓட்டு. ஆத்துப் பாலம் வரைக்கும் போயிட்டு வா.”

வெள்ளாற்றுப் பாலம் வரை போய்த் திரும்பினேன். கரும்பு டிராக்டர்களுக்கு நடுவில் போனதால் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்ட வேண்டியிருந்தது. வண்டி ஏறி ஏறி இறங்கி அழுதது. கொட்டகைக்கு முன்னால் நிறுத்தியதும் அவர் எழுந்து உட்கார்ந்தார். முடி கலைந்திருந்தது. இரண்டு கையாலும் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

“இதுலயா பாண்டிச்சேரி வரைக்கும் கூட்டிம் போற?”

“ஆமாங்கம்மா.”

“நீ ஒரு தடவ இங்க படுத்துப் பாத்தியா?”

ஓட்டுகிறவன் எப்படிப் பின்னால் படுப்பான் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த யோசனையே எனக்கு வந்ததில்லை என்பதுதான் நிஜம். என் வண்டியில் நான் உட்காராத ஒரே இடம் அதுதான்.

அவர் இறங்கிப் போய்த் தம் வண்டியின் தார்ப்பாயைப் பாதி விலக்கினார். டிக்கி மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். “பிரிச்சுத் தர மாட்டேன்” என்றார். நாங்கள் இரண்டு பேரும் கிளம்பத் தயாராகிவிட்டோம். “நில்லுங்க. மாத்தித் தரேன். உன் வண்டில இருக்கறத இதுல மாட்டு, இதுல இருக்கறத உன் வண்டிக்கு எடுத்துக்க. என் வண்டி நாலு சக்கரத்துல முழுசா நிக்கணும். எனக்கு அவ்ளோதான். நிக்கற வண்டி எங்கருந்து பாடப் போகுது?”

மறுநாள் காலையில் அந்தக் கொட்டகையிலேயே வேலை நடந்தது. முதல் சக்கரத்தைக் கழற்றும்போது அந்த அம்மா பக்கத்தில் நின்றார். இரண்டாவதைக் கழற்றப் போனதும் உள்ளே போய்விட்டார். வண்டி மறுபடி தரையில் இறங்கிய பிறகுதான் வெளியே வந்தார். குனிந்து நாலு சக்கரத்தையும் பார்த்துவிட்டு எங்களுக்குச் சோறு போட்டார். கையில் கொண்டுபோயிருந்ததை நீட்டினேன். “உள்ள வை. வை சொல்றேன்” என்று அதட்டிவிட்டு, மறுபடி என் வண்டியின் பின் சீட்டில் ஏறிப் படுத்தார். “போ, பாலம் வரைக்கும்.”

இந்தத் தடவை சத்தமே இல்லை. காற்று போகிற சத்தமும், டயர் ரோட்டில் உருள்கிற சத்தமும்தான். பாலத்தில் வண்டியைத் திருப்பும்போது பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது. என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

“அவரு ஓட்டறப்பவும் இப்பிடித்தான் இருக்கும்.”

கண்ணாடியில் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். அதற்கு மேல் பார்க்கக் கூடாது என்று ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். திரும்பி வந்து நிறுத்திய பிறகும் அவர் உடனே எழுந்திருக்கவில்லை. நானும் இறங்கவில்லை.

அடுத்த தடவை புதுச்சேரிக்குப் போனபோது மனைவியிடம் ஒன்றும் சொல்லவில்லை. பாதி வழியில் பஞ்சை எடுத்தாள் போலிருக்கிறது. வடலூர் தாண்டியதும் பின்னால் கதவின் இரும்பை யாரோ தட்டுகிற சத்தம் கேட்டது. விரல் முட்டியால் தட்டுகிற, கம்பெனியில் சாமானைத் தட்டுகிற அதே தட்டு.

“பாசுங்க” என்றாள்.

எனக்குக் கண் மறைத்தது. ஓட்டிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச தூரம் போனதும் அவளே பேசினாள். “ஏங்க, வண்டி ஓட்டும்போது நீங்க முணுமுணுன்னு பாடறீங்களா?”

“நானா?”

“ஆமா. இப்பதான பாடுனீங்க. இத்தன வருஷமா இது எனக்குத் தெரியாம போச்சே.” பிறகு சிரித்தாள். “வண்டிதான் பாசு. பாட்டு இடது கூடை.”

அன்றைக்குப் போகும்போதும் வரும்போதும் நிறையப் பேசினாள். மகளை எதற்காகவும் ஸ்கூலிலிருந்து நிறுத்தக் கூடாது என்றாள். நான் பெத்த பொண்ணு, அதுக்கும் நல்ல காது இருக்குது, கொழந்த எதையும் சொல்லாமலே கேட்டுக்கும், பத்திரம் என்றாள். வரும்போது கடலூர் வந்ததும் தூங்கிவிட்டாள். அவள் மூச்சு விடுகிறது எனக்குக் கேட்டது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அவள் மூச்சை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மேடு பள்ளம் வந்தால் அந்த மூச்சு மாறும், நான் காலை எடுப்பேன். சீராகும், மறுபடி மெதுவாக அழுத்துவேன்.

அதற்குப் பிறகு சில தடவைதான் போனோம். கடைசித் தடவை டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, “வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, இனிமே இங்க வந்து அலைய வேணாம்” என்றார். அவளிடம், மருந்து போதுமாம் என்று சொன்னேன். அவள் நம்பின மாதிரி தலையாட்டினாள். அந்தக் காதுக்கு என் குரலில் இருந்த விரிசல் கேட்காமலா இருந்திருக்கும்? அன்று வீடு வந்து சேரும் வரைக்கும் முழுக்கத் தூங்கினாள். மார்கழி பிறந்து சில நாளில், மகள் தலைமாட்டில் இருக்கும்போதே போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் மதியம் பெண்ணாடம் போனேன். அந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டு முதலில் பின் சீட்டைத்தான் பார்த்தார். நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

“உங்க சாமான திருப்பி மாட்டிக் குடுத்துடறங்கம்மா. அவளுக்காகத்தான குடுத்தீங்க” என்றேன்.

“நிக்கற வண்டிக்கு எதுக்குடா சத்தமில்லாத பல்லு?” கோபமாகத்தான் சொன்னார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார். “தூங்குச்சா அது?”

“தூங்குனாங்கம்மா. கடைசித் தடவை வழி முழுக்கத் தூங்குனா.”

“அப்ப சரி” என்றார். உள்ளே போய் ஒரு செம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றார். “கிளம்பு. பொண்ணு ஸ்கூல் வுட்டு வந்துடும். வூட்டுல ஆள் இல்லன்னா அது எங்க போவும்?”

“போயிட்டு வரேங்கம்மா.”

பாலத்தைத் தாண்டியதும் ஒரு புளியமரத்து நிழலில் வண்டியை ஓரங்கட்டினேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை. இறங்கி, பின் கதவைத் திறந்து, வலது பக்கம் தலை வைத்துப் படுத்தேன். எனக்குக் கால் நீளம், மடக்கிக்கொண்டேன். கூரைத் துணியில் மழைநீர் இறங்கிய ஒரு கறை இருந்தது. இத்தனை வருஷம் நான் பார்த்ததில்லை. அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டே வந்திருப்பாள். சீட்டும் சாய்மானமும் சேருகிற இடுக்கில் கை பட்டபோது மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. எடுத்தேன். காதில் வைத்து எடுத்த பஞ்சு, சின்னச் சின்ன உருண்டையாக. அன்றைக்கு வடலூர் தாண்டி எடுத்ததும் அதில் இருக்கும். அதற்கு முன்னால், எனக்குத் தெரியக் கூடாது என்று இறங்குகிற அவசரத்தில் ஒளித்து வைத்ததும் இருக்கும். எவ்வளவு நேரம் அப்படியே படுத்திருந்தேன் என்று தெரியாது. கரும்பு வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன.

மகள் இப்போது பெரியவளாகிவிட்டாள். படிக்க வைத்துவிட்டேன். அந்த அம்பாசிடரும் இப்போது இல்லை, வேறு வண்டி ஓட்டுகிறேன். நோயாளி யாரையாவது ஏற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தால், அவர்கள் வருவதற்கு முன்னால் நான் ஒரு தடவை பின் சீட்டில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்திருப்பேன். ஸ்டாண்டில் பையன்கள், “அண்ணனுக்குத் தூக்கம் வந்துடுச்சுடா” என்று கிண்டல் பண்ணுவார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். பக்கத்திலேயே இருந்தும் எனக்குக் கேட்காத ஒரு வலியை, முன்பின் தெரியாத ஓர் அம்மா செருப்பைக் கழற்றி விட்டு அதே இடத்தில் போய்ப் படுத்துக் கேட்டார் என்பதை, ஒவ்வொரு தடவை அந்தக் கதவைத் திறக்கும்போதும் நினைத்துக்கொள்கிறேன்.